காசநோய் மாத்திரையால் லூபஸ் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. நுரையீரல் காசநோய்க்காக அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளை ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வலி, வீக்கம், லேசான காய்ச்சல். ஏ.என்.ஏ. (சொந்தச் செல்களின் கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். 'லூபஸாக (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) இருக்கும், மாத்திரையை நிறுத்து' என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பெரிய பயமே அதுதான். இப்போது அம்மா சாப்பிடும் மாத்திரை ஒவ்வொன்றிலும் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். அவற்றில் லூபஸுக்குக் காரணமோ என்று சந்தேகிக்கக்கூடிய ஐசோனியாசிட் என்ற மருந்தை மட்டும் வீட்டில் பிரித்தெடுக்க முடியாது. எல்லாவற்றையும் விட்டால் காசநோய் திரும்ப வரலாம், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐசோனியாசிட் சிலருக்கு லூபஸ் போன்ற நிலையை உண்டாக்கும். கல்லீரல்தான் இந்த மருந்தை மாற்றி வெளியேற்றுகிறது. தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த வேலை மெதுவாகவே நடக்கும். மருந்து உடலில் அதிக நேரம் தங்கும்போது, சிலருக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் தடுமாறி, சொந்தச் செல்களின் கருவில் உள்ள ஹிஸ்டோன் என்ற புரதத்தையே எதிரியாக நினைத்துவிடுகிறது.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது. ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு அது பாசிட்டிவ் ஆகலாம். லூபஸ் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மூட்டு வலிக்கு பைரசினமைடு என்ற இன்னொரு காசநோய் மருந்தும் காரணமாகும், யூரிக் அமிலத்தைக் கூட்டிவிடும். ஆனால் அதைப் பெரும்பாலும் முதல் இரண்டு மாதம்தான் கொடுப்பார்கள். அம்மாவுக்கு வலி அதற்கப்புறம் தொடங்கியிருப்பது முக்கியமான தடயம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த வாரமே காசநோய் டாக்டரையும் மூட்டுநோய் நிபுணரையும் பாருங்கள். ஆன்டி-ஹிஸ்டோன் (ஹிஸ்டோனுக்கு எதிரான எதிர்ப்பொருள்), டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 என்ற ரத்தப் பரிசோதனைகளையும் சிறுநீர்ப் புரதத்தையும் பார்ப்பார்கள். மருந்தால் வரும் லூபஸில் ஆன்டி-ஹிஸ்டோன் பெரும்பாலும் பாசிட்டிவாக இருக்கும். சிறுநீரகம் அரிதாகத்தான் பாதிக்கப்படும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது காசநோயாலும் நடக்கும், லூபஸாலும் நடக்கும்.

மருந்துதான் காரணம் என்று உறுதியானால், காசநோய் சிகிச்சை விட்டுப்போகாதபடி டாக்டரே ஐசோனியாசிட்டை மாற்றுவார். அப்புறம் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி அடங்கிவிடும். ஏ.என்.ஏ. மட்டும் வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கலாம். அதைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்துப் பயப்பட வேண்டாம். அந்த மருந்தின் பெயரை அம்மாவின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.