பையனுக்கு இங்கிலீஷ் வரவில்லையா, கற்றல் குறைபாடா? எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம், இரண்டாம் வகுப்புப் பையனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்கிறது பள்ளி, வீட்டில் தமிழை நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் குறைபாடு வராது, இருப்பது கூடவும் செய்யாது. அதோடு, குறைபாடு இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுக்கப் பெரிதும் உதவுவதும் அந்தத் தமிழ்தான்.

நான் இங்கே சிறப்புக் கல்வி வகுப்பில் உதவி ஆசிரியையாக இருந்தவள். ஒரு பையன் இங்கிலீஷில் 'big' (பெரிய) என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் 'pig' (பன்றி) என்று எழுதுவான். முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், தமிழில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப'. டிஸ்லெக்சியாவோ, அதாவது எழுதப் படிக்கச் சிரமப்படும் கற்றல் குறைபாடோ என்று பயந்தார்கள். பார்த்த கார்ட்டூனைத் தமிழில் சொல்லு என்றேன், வில்லன் குரல் முதற்கொண்டு வரிசை பிசகாமல் சொன்னான். அவனுக்குத் தேவைப்பட்டது இங்கிலீஷும் கொஞ்சம் அவகாசமும்தான். இன்னொரு பெண் விளையாடும்போது இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள், ஆனால் தமிழிலும் "அது வந்து... அந்த இது..." என்று தெரிந்த பொருளுக்கே பெயர் வராமல் கையைக் காட்டுவாள், கதையின் முன்பின் குழம்பும். இங்கிலீஷ் வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லியே இரண்டு வருடம் போய்விட்டது. அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. உண்மையான குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும்.

பேச்சு இங்கிலீஷ் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக இங்கிலீஷுக்கு ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம், அதனால் பேசுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

அப்புறம் சட்டம். ஐ.டி.இ.ஏ. (IDEA) என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தின்படி, முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியில் பரிசோதிக்கவேண்டும், இங்கிலீஷ் போதாததே முக்கியக் காரணம் என்றால் குறைபாடு என்று முத்திரை குத்தக்கூடாது. ஐ.இ.பி. (IEP), அதாவது குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டம் பற்றிய கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பள்ளிதான் ஏற்பாடு செய்யவேண்டும், உங்களுக்குச் செலவில்லை. இங்கிலீஷ் கற்கும் வகுப்பு, சிறப்புக் கல்வி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தேவையிருந்தால் இரண்டுக்கும் அவனுக்கு உரிமை உண்டு.

பரிசோதனைக்கு பயப்படாமல் சம்மதம் கொடுங்கள், கூடவே தமிழிலும் பார்க்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இன்று ராத்திரியே அவனைத் தமிழில் ஒரு கதை சொல்லவைத்து போனில் பதிவு செய்யுங்கள். தாமதமாகப் பேசினானா, வீட்டில் யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்ததா என்பதையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.