நாசா படம் காட்டியும் அண்ணன் ஏன் மாறவில்லை?

பூமி தட்டை என்று நம்பும் உங்கள் அண்ணன், பூமி உருண்டை என்று காட்டும் நாசா படங்களை எத்தனை காட்டினாலும் "கிராபிக்ஸ்" என்று தள்ளுகிறார் என்றால், குறை ஆதாரத்தில் இல்லை, அதைத் தருகிறவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அதனால் இன்னும் பத்துப் படம் அனுப்புவது வீண்.

இந்த எண்ணம் அனேகமாக யூடியூபில்தான் தொடங்கியிருக்கும். அமெரிக்காவில் 2017, 2018இல் நடந்த தட்டைப் பூமி மாநாடுகளுக்கு வந்த 30 பேரிடம் ஓர் ஆய்வுக்குழு பேசியபோது, ஏறக்குறைய எல்லாருமே யூடியூபில் பார்த்த வீடியோக்களால்தான் இதை நம்பத் தொடங்கியதாகச் சொன்னார்கள். "யாரையும் நம்பாதே, உன் கண்ணால் பார்" என்ற அழைப்பு, அப்புறம் அதே பேச்சுப் பேசக் கிடைக்கும் நண்பர்கள், இரண்டும் சேர்ந்தால் விடுவது கடினம்.

அந்தக் கண்ணையே பயன்படுத்துங்கள். சூரியன் தட்டைக்கு மேலே சுற்றி விலகிப் போவதுதான் மாலை என்கிறார்கள் தட்டைப் பூமிக்காரர்கள். அப்படியானால் அது சிறுத்துக்கொண்டே போக வேண்டும். கேமராவில் சரியான சோலார் ஃபில்டர் போட்டு, ஜூமை மாற்றாமல், மதியம் ஒரு படம், சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு படம் அவரையே எடுக்கச் சொல்லுங்கள். அளவு ஒன்றாகவே இருக்கும். ஃபில்டர் இல்லாமல் மட்டும் வேண்டாம், கண் போய்விடும்.

இதோடு மாறிவிடுவார் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் அன்டார்க்டிகா போய் 24 மணி நேரமும் மறையாத சூரியனை (தட்டைப் பூமியில் அங்கே இப்படி நடக்க முடியாது) நேரில் பார்த்த தட்டைப் பூமி யூடியூபர் ஜெரான் காம்பனெல்லா அது உண்மை என்று ஒப்புக்கொண்டார், ஆனால் வீட்டில் இருந்து பார்த்த சிலர் அதையும் பொய் என்றார்கள். வீட்டில் நாலு பேர் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், தனியாக இருக்கும்போது பேசுங்கள்.