மனைவி பெயரில் ஃப்ளாட் வாங்கினால் வரி மிச்சமாகுமா?

கேள்வி: எனக்குச் சொந்த வீடு ஒன்று இருக்கிறது. முதலீட்டுக்காக பெருங்களத்தூர் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட் பார்த்திருக்கிறேன். விலை 62 லட்சம், வாடகை மாதம் 18,000 ரூபாய் வரும். வங்கிக் கடன் 40 லட்சம், என் சேமிப்பு 17 லட்சம், மனைவியின் நகையை விற்று 12 லட்சம் என்று ஏற்பாடு. நான் சம்பளக்காரன், 30 சதவீத வரி கட்டுகிறேன். மனைவிக்கு வருமானம் இல்லை. அவர் பெயரில் வாங்கினால் வாடகைக்கு வரி வராது, விற்கும்போதும் வராது, பதிவுக் கட்டணமும் குறையும் என்கிறார் புரோக்கர். அம்மா பெயரில் வாங்குவது இன்னும் நல்லது என்கிறார் பத்திர எழுத்தர். 45 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலேயே பிடித்துக் கட்டும் வரி) தொல்லையும் இருக்காது என்கிறார். எது சரி?
– வாசகர், தாம்பரம்

பதில்: இருவர் சொன்னதும் சரியில்லை. பத்திரத்தில் பெயர் இருப்பவர்தான் சொத்துக்குச் சொந்தக்காரர். ஆனால் வருமான வரிச் சட்டம் பெயரைப் பார்ப்பதற்கு முன் பணம் யாருடையது என்று பார்க்கும். புரோக்கர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

கணவன் தன் பணத்தை மனைவிக்குக் கொடுத்து, அதில் மனைவி சொத்து வாங்கினால், கொடுத்த பணத்துக்கு வரி கிடையாது. இந்தப் பாதியைச் சொல்லித்தான் உங்களை மயக்குகிறார்கள். அந்தச் சொத்திலிருந்து வரும் வாடகை கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்படும் என்பது மீதிப் பாதி. விற்றால் வரும் லாபமும் அப்படியே. மனைவிக்குத் தனியாக பான் எண், தனி வங்கிக் கணக்கு, வாடகை அந்தக் கணக்குக்கே வருகிறது என்று எல்லாம் இருந்தாலும் வரி உங்கள் தலையில்தான். உங்கள் பெயரில் வாங்கி, அப்புறம் மனைவிக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அப்போதும் வரிக் கணக்குக்கு நீங்களே உரிமையாளராகக் கருதப்படுவீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பழைய பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. அதனால் எண்களைச் சொல்லிக் குழப்பவில்லை. விதி மாறவில்லை.

இந்தத் தந்திரத்தில் அப்படி என்னதான் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வருட வாடகை 2,16,000. சொத்து வரி 6,000 என்று வைத்தால் மீதி 2,10,000. அதில் 30 சதவீதம், அதாவது 63,000 ரூபாயை, பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துவிடுகிறது. ரசீது எதுவும் வேண்டாம். மிஞ்சுவது 1,47,000. கடனே இல்லை என்றாலும் இதற்கு வரி, செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 45,864 ரூபாய்தான். உங்களுக்கோ 40 லட்சம் கடன் இருக்கிறது. எட்டரை சதவீத வட்டி என்றால் முதல் வருட வட்டி மட்டும் மூன்று லட்சத்து சொச்சம். வாடகைக்கு விட்ட வீட்டில் இந்த வட்டியை வாடகையிலிருந்து கழிக்கலாம். புதிய வரி முறையிலும் கழிக்கலாம். ஆக, ஃப்ளாட் உங்கள் பெயரிலேயே இருந்தாலும் இன்னும் பல வருடங்களுக்கு வாடகைக்கு ஒரு ரூபாய்கூட வரி வராது. வராத வரியை மிச்சப்படுத்த மனைவி பெயரில் வாங்கச் சொல்கிறார் புரோக்கர். பழைய வரி முறையில் இருப்பவர் என்றால் வாடகையைத் தாண்டிய வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தோடு கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அது கிடையாது. இஎம்ஐ நீங்கள் கட்டி, பத்திரத்தில் மனைவி பெயர் மட்டும் இருந்தால், நீங்கள் அந்தக் கழிவைக் கேட்கும்போது தகராறுதான் மிஞ்சும்.

பதிவுக் கட்டணம் குறையும் என்பது அரைகுறையாகக் காதில் விழுந்த செய்தி. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது உண்மை. ஆனால் அது 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்துகளுக்கு மட்டும். 62 லட்ச ஃப்ளாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி நகை விஷயம். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், சட்டம் உங்கள் மனைவிக்கு உண்மையாகவே இடம் கொடுக்கும் பகுதியும் இதுதான். கல்யாணத்துக்கு அவர் வீட்டில் போட்ட நகை அவருடைய சொத்து. அதை விற்று வரும் பணமும் அவருடையது. அந்தப் பணத்தில் வாங்கும் பங்குக்கு உரிய வாடகை அவருடைய வருமானம், உங்களோடு சேராது. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் வாங்கிக் கொடுத்த நகை என்றால் கதை வேறு. அது நீங்கள் கொடுத்த பணம் மாதிரியேதான், பழையபடி உங்கள் கணக்குக்கே திரும்பி வரும். ஆகவே விற்பதற்கு முன், எது அவர் வீட்டு நகை, எது நீங்கள் வாங்கியது என்று உட்கார்ந்து பிரியுங்கள். அவர் வீட்டில் வாங்கிய பில், கல்யாண ஆல்பம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

விற்கும்போது கடைக்காரரிடம் பழைய நகை வாங்கியதற்கான பில் கேளுங்கள். அதில் மனைவியின் பெயர், பான் எண், எடை, தரம், தொகை எல்லாம் இருக்க வேண்டும். பணம் அவர் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், அங்கிருந்து நேராக விற்பவர் கணக்குக்குப் போகவேண்டும். நடுவில் உங்கள் கணக்கில் தங்கக் கூடாது. பில் வேண்டாம், கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பவுனுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அந்தக் கூடுதல் சில ஆயிரத்துக்காக மனைவியின் உரிமைக்கு இருந்த ஒரே சாட்சியை விட்டுவிடாதீர்கள். கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை கணக்கே கேட்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 1994இல் வந்த அந்த அறிவுறுத்தல், சோதனைக்கு வரும் அதிகாரிகள் அந்த அளவு வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று சொல்கிறது. விற்ற பணத்துக்கு அது ரசீது ஆகாது.

இன்னொன்று. பழைய நகையை விற்றால் மனைவிக்கு மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி, உண்டு. அவர் அம்மா கொடுத்த நகை என்றால் அம்மா வாங்கிய விலையே அடக்க விலை. இப்போதைய தங்க விலைக்கு லாபம் பெரிய தொகையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால் அந்த லாபத்துக்கு வரி விலக்கு உண்டு. அவர் பெயரில் வேறு வீடு இல்லாததால் சிக்கலும் இல்லை. ஆனால் பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால்தான் விலக்கு. அந்த வருடம் அவர் பெயரில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஃப்ளாட்டை மூன்று வருடத்துக்குள் விற்கவும் கூடாது.

அதனால் என் யோசனை, இருவர் பெயரிலும் வாங்குங்கள். பதிவுச் செலவு 9 சதவீதம், 5,58,000 ரூபாய், சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 67.6 லட்சம். அதில் மனைவியின் 12 லட்சம் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். கிரயப் பத்திரத்திலேயே மனைவிக்கு ஆறில் ஒரு பங்கு, உங்களுக்கு ஆறில் ஐந்து பங்கு என்று எழுதச் சொல்லுங்கள். பங்கை எழுதாமல் இரண்டு பெயரை மட்டும் போட்டால் பாதிப் பாதி என்ற அர்த்தம் வந்து, மறுபடி கணக்கு இடிக்கும். "அதெல்லாம் எதுக்கு சார், நாங்க வழக்கமா போடுற மாதிரியே போட்டுடலாம்" என்பார் எழுத்தர். விடாதீர்கள். யார் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்தார் என்ற விவரமும் பத்திரத்தில் வரட்டும்.

மனைவியின் பாதுகாப்புக்காகக் கூடுதல் பங்கு கொடுக்க ஆசைப்பட்டால் தாராளமாகக் கொடுங்கள், நல்ல காரியம். வரி அப்போதும் உங்களுடையதுதான் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். எனக்கு ஆற்றாமை எதில் என்றால், எத்தனையோ பெண்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைத்து, போட்டோவுக்கு நின்றுவிட்டு வருவதோடு சரி. பதிவான விவரம் பான் எண் வழியாக வருமான வரித் துறைக்குப் போகிறது, ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்தப் பெண்ணின் பெயரில் 62 லட்சத்துக்குச் சொத்து வாங்கியதாகப் பதிவாகிறது. ரிட்டர்னே போடாத ஒருவருக்கு இவ்வளவு பணம் ஏது என்று நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும். பதிவு செய்கிற இடத்தில் தீர்வை சரியா என்று பார்க்கிறார்களே தவிர, இதை ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அங்கே ஒரு அறிவிப்புப் பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டு துறைகளும் தகவல் பரிமாறிக்கொள்ளத் தெரிந்த அளவுக்கு, வாங்குகிறவரிடம் பேசத் தெரியவில்லை.

அம்மா பெயர் என்ற யோசனை இதைவிட ஆபத்தானது. பெற்றோருக்குக் கொடுத்த பணத்தின் வருமானம் பிள்ளையோடு சேராது என்பது உண்மைதான். பத்திர எழுத்தர் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார். ஆனால் பினாமி சட்டத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. அம்மாவின் தனிப் பெயரில் வாங்குவதற்கு அந்த விலக்கு இல்லை. உங்கள் பெயரும் சேர்ந்து இருந்தால்தான் உண்டு. இஎம்ஐ நீங்கள், வாடகை நீங்கள், பெயர் மட்டும் அம்மா என்றால் அது பினாமி என்று சொல்ல இடம் இருக்கிறது. சொத்து பறிமுதல் ஆகும். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம்.

இல்லை, உண்மையாகவே அம்மாவுக்குத் தானமாகக் கொடுத்தேன் என்றால் சொத்து அம்மாவுடையது, உங்களுடையது இல்லை. அவர் உயில் எழுதாமல் காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அண்ணன், தங்கை, அப்பா இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. நான்தான் பணம் போட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனால், அப்படி வழக்குப் போடவே பினாமி சட்டம் அனுமதிக்காது. வரி மிச்சம் பிடிக்கப் போய் கூடப் பிறந்தவர்களோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களைத் தொழிலில் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

45 லட்சத்துக்குப் பத்திரம் என்ற பேச்சை எடுத்தவரிடம் இன்னொரு முறை ஆலோசனை கேட்காதீர்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதைத் தாண்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மறைத்த 17 லட்சத்துக்கு 9 சதவீதம், 1,53,000 ரூபாய் இன்று மிச்சம். நாளை விற்கும்போது உங்கள் அடக்க விலை 45 லட்சம்தான். இல்லாத 17 லட்ச லாபத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 2,21,000 ரூபாய் வரி கட்டுவீர்கள். 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கும் சொத்துக்குப் பணவீக்கத்தைச் சரிக்கட்டும் பழைய கணக்கும் கிடையாது, பத்திரத்தில் உள்ள தொகையே கடைசிவரை. கடனும் அடிபடும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. 45 லட்சத்தில் அது 36 லட்சம். உங்கள் 40 லட்சம் கிடைக்காது. சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கும் விற்பனையாளருக்கு அதே தொகை அபராதம் விழலாம். 17 லட்சத்தை வங்கியிலிருந்து ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் சொல்ல உங்களிடமும் நேர்மையான பதில் இருக்காது.

டிடிஎஸ் தொல்லை என்பதும் வெறும் பூச்சாண்டி. 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்துக்கு 1 சதவீதம் பிடிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 62,000 ரூபாய். அது விற்பவருக்குத் தரவேண்டிய பணத்தில் பிடித்து, அவர் பான் எண்ணில் கட்டுவது. உங்கள் கைக்காசு இல்லை. தொகையைப் பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் இணையதளத்தில் கட்டிவிட்டு, சான்றை எடுத்து விற்பவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், வட்டி வேறு.

விற்பவர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சென்னைப் புறநகரில் மறுவிற்பனைக்கு வரும் ஃப்ளாட்டுகளில் பலவற்றுக்கு உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அவர் அப்பாவோ தம்பியோ பவர் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவார். அவர் வரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் 1 சதவீதம் செல்லாது. பழைய சொத்துக்கு 12.5 சதவீதமும், அதன்மேல் செஸ் முதலியவையும், லாபத்தில் இல்லை, முழு விலையில் பிடிக்க வேண்டும். 62 லட்சத்துக்கு அது 8 லட்சத்தைத் தாண்டும். நீங்கள் பிடிக்காமல் விட்டால் துறை உங்களிடம்தான் வசூலிக்கும். அவருக்கு லாபம் குறைவு என்றால் வருமான வரி அதிகாரியிடம் குறைந்த விகிதத்துக்கான சான்றிதழ் அவர் வாங்கித் தரவேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் நேரில் அல்லது வீடியோ அழைப்பில் பேசுங்கள். கடந்த வருட ரிட்டர்னில் அவர் தன்னை உள்நாட்டில் வசிப்பவர் என்று காட்டியிருக்கிறாரா என்று நகல் வாங்கிப் பாருங்கள். பவர் ஏஜென்ட் வாய்ச்சொல்லாக "அண்ணன் இங்கதான் சார் இருக்காரு" என்றால், அதை உரிமையாளரே விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கொடுக்கட்டும். கொடுக்கத் தயங்கினால் வேறு ஃப்ளாட் பாருங்கள்.