எனக்கு வரையவே வராது. ஆர்க்கிடெக்சர் முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட்டேன். அடிப்படை வரைதலையும் டிசைனையும் எப்படிக் கற்றுக்கொள்வது?

கேள்வியின் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரே இழுப்பில் ஒரு முகத்தை வரைகிறார், எனக்கு நேர்க்கோடே நேராக வரவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் பருவத்தில் பாதி முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஜூரியும், அதாவது ஷீட்களை ஆசிரியர்களும் வெளியாட்களும் பார்த்து மதிப்பிடும் அமர்வும், நடந்திருக்கும். இரண்டு ராத்திரி தூங்காமல் முடித்த ஷீட்டை யாரோ ஒருவர் நின்றபடியே பார்த்துவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போயிருப்பார். எனக்கு நடந்தது இதுதான். வெளியிலிருந்து ஜூரிக்கு வந்த ஒருவர் என் தாளைப் பார்த்து, "கை வரலையேப்பா, வேற ஏதாவது படிச்சிருக்கலாமே" என்றார். அவருக்கு அது அந்த நிமிடத்தோடு முடிந்திருக்கும். நான் அடுத்த மூன்று வாரம் பென்சிலைத் தொடவே பயந்தேன்.

அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு படிக்கட்டு. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் அதுதான்.

கல்லூரிப் படிக்கட்டை அளந்து வரைய வேண்டும், பிளானும் (மேலிருந்து பார்க்கும் படம்) செக்ஷனும் (செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படம்), 1:20 அளவில், அதாவது உண்மையில் இருபது மில்லிமீட்டர் இருப்பது தாளில் ஒன்று. நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடியே மனதில் இருந்ததை வரைந்து கொண்டுபோனேன். தினமும் ஏறி இறங்கும் படிதானே. ஸ்டூடியோ ஆசிரியை தாளைப் பார்த்தார். கோடு கோணலாக இருப்பதைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. "எத்தனை படி போட்டிருக்கே?" என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. "போய் எண்ணிட்டு வா" என்று கையில் டேப்பைக் கொடுத்தார்.

பதினெட்டு இருந்தது. நடு மேடைக்கு ஒன்பது, அங்கிருந்து மேலே ஒன்பது. ஒவ்வொரு ரைசரும், அதாவது ஒரு படியின் உயரம், 170 மில்லிமீட்டர், கால் வைக்கும் அகலமான டிரெட் 280. தளத்திலிருந்து தளம் 3,060. அந்த உயரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு படி 255 மில்லிமீட்டர் வரும். அப்படி ஒரு படிக்கட்டில் வயதானவர் ஒருவரால் சுவரைப் பிடிக்காமல் ஏற முடியாது. நான் வரைந்திருந்தது அதைத்தான். இரண்டு ரைசரையும் ஒரு டிரெட்டையும் கூட்டினால் 600க்கும் 640க்கும் நடுவில் வர வேண்டும் என்ற பழைய கணக்கை அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். 170, 170, 280. 620 வந்தது. மனிதன் ஓர் எட்டு வைக்கும் நீளத்திலிருந்து வந்த கணக்கு அது. தினமும் என் கால் அதைச் சரியாக மிதித்துக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

திரும்பி வந்து வரைய ஆரம்பித்தேன். 1:20இல் ஒரு ரைசர் எட்டரை மில்லிமீட்டர். ஒவ்வொன்றாக அளந்து புள்ளி வைத்துக்கொண்டே போனேன். பதினெட்டாவது புள்ளி மேல் தளத்தைத் தாண்டி நின்றது. ஒவ்வொரு புள்ளியிலும் முடியளவு தவறு, எல்லாம் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர். ஆசிரியை வந்து என் ஸ்கேலை எடுத்துத் தாளில் சாய்த்து வைத்தார். கீழ்த்தளக் கோட்டில் பூஜ்யம், மேல்தளக் கோட்டில் 18 சென்டிமீட்டர் தொடும்படி சாய்த்து, "இப்ப ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு புள்ளி வை" என்றார். இரண்டு கோட்டுக்கும் நடுவே 153 மில்லிமீட்டர்தான், ஆனால் சாய்வான ஸ்கேலில் அது சரியாகப் பதினெட்டு சம பாகம். புள்ளிகளிலிருந்து டி-ஸ்கொயரை (டி எழுத்து வடிவ நீள ஸ்கேல்) வைத்துக் கிடைக்கோடு இழுத்தால் பதினெட்டு படியும் வந்துவிட்டது. வகுத்தல் இல்லை, தசமம் இல்லை. கட்டுமான இடங்களில் இன்றைக்கும் இதே உத்தியைச் சுவரில் செய்து காட்டுகிறேன்.

அப்புறம் நடு மேடை. ஒன்பது ரைசர், அதாவது 1,530 உயரத்தில் மேடை, அதன் கான்கிரீட் 150. அளவு தெரிய வேண்டுமென்று மேடைக்குக் கீழே ஓர் ஆளை வரைந்தேன். தலை கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. கீழே மிச்சம் இருப்பது 1,380 மில்லிமீட்டர்தான். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அந்த மேடைக்குக் கீழே குட்டையாக ஒரு கதவு உண்டு, உள்ளே துடைப்பமும் பழைய நாற்காலிகளும் கிடக்கும். தினமும் நாலு முறை அதைக் கடந்து போகிறேன், இதற்கு ஏன் இவ்வளவு சின்னக் கதவு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யாரோ ஒருவர் இந்தச் செக்ஷனை வரைந்துவிட்டு, இங்கே ஆள் நிற்க முடியாது, பொருள் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். என் தாளில் அவருடைய முடிவு தெரிந்தது.

ஆசிரியை அங்கேயே அடுத்த கேள்வியைப் போட்டார். "சரி, கீழே ஆள் நடந்து போகணும். என்ன செய்வே?" ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மேடையை மேலே தூக்க வேண்டும். பன்னிரண்டு ரைசரில் வைத்தால் கீழே 1,890 கிடைக்கும், உயரமானவர் இடித்துக்கொள்வார். பதின்மூன்றில் வைத்தால் 2,060, தாராளம். ஆனால் முதல் வரிசையில் இப்போது எட்டு டிரெட்டுக்குப் பதில் பன்னிரண்டு. படிக்கட்டு 1,120 மில்லிமீட்டர் நீண்டு வாசலுக்கு நேரே வந்து நின்றது. அப்படியானால் வாசலை நகர்த்த வேண்டும். வாசல் நகர்ந்தால் அதற்குப் பக்கத்து ஜன்னல். டிசைன் என்று நான் முதன்முதலில் செய்தது அதுதான். அந்தத் தாளில் ஒரு கோடுகூட அழகாக இல்லை. ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே இருக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது.

ஆகவே நீங்கள் பக்கத்து மேசையைப் பார்க்காதீர்கள். அவர் வரைவது ஓவியம், அது அருமையான விஷயம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஓவியம் வரைபவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் கேட்கப்படுவது வேறு. ஒரு பொருள் எவ்வளவு பெரியது, எதன்மேல் நிற்கிறது, எங்கே வெட்டினால் உள்ளே என்ன தெரியும் என்பதைக் கண்டுபிடித்துத் தாளில் வைப்பது. இதைப் பிறவியிலேயே கொண்டுவந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பெர்ஸ்பெக்டிவையே, அதாவது தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிவதைத் தாளில் காட்டும் முறையையே, எடுத்துக்கொள்ளுங்கள். அது கைராசி என்று நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸில் புரூனலெஸ்கி என்ற கட்டிடக் கலைஞர் செய்து காட்டியதை, 1435இல் ஆல்பெர்ட்டி விதிகளாகவே எழுதிவைத்தார். விதி என்றால் யாரும் படித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் ஒரு தவறு ரொம்ப நாள் இருந்தது. தூரத்தில் நிற்கும் ஆட்களைச் சின்னதாக வரையும்போது தலையையும் கீழே இறக்கிவிடுவேன், படம் முழுக்கக் குழந்தைகள் நிற்பதுபோல் இருக்கும். சமதரையில், உங்கள் கண் உயரத்தில் அடிவானக் கோடு இருந்தால், உங்கள் உயரமே உள்ள எல்லாருடைய கண்ணும் அந்தக் கோட்டில்தான் இருக்கும், பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும். சின்னதாவது கால் பக்கம். இது ஒன்று புரிந்த அன்று என் படங்கள் தரையில் நின்றன.

நேர்க்கோடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு புள்ளி வையுங்கள். கண் பென்சில் முனையைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள். லேசாக நடுங்கினாலும் போய்ச் சேர்ந்தால் போதும். ஸ்கேல் வைத்து இழுக்கும்போது பென்சிலை விரலுக்குள் மெல்ல உருட்டிக்கொண்டே போனால் முனை ஒருபக்கம் தேயாது, கோடு தொடக்கத்தில் மெலிந்து கடைசியில் தடிக்காது. செட் ஸ்கொயரின் அடிப்பக்கத்தை அடிக்கடி துடையுங்கள். முதலாம் ஆண்டு ஷீட்கள் கறுத்துப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கோட்டின் கனம்தான் உங்கள் ஷீட்டை உடனே மாற்றக்கூடியது. பிளான் என்பது தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் கட்டிடத்தைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பது. வெட்டுப்பட்ட சுவர் கறுப்பாக, அழுத்தமாக, மென்மையான 2 பி பென்சிலில். கீழே தெரியும் மேசை, படி எல்லாம் எச்பியில். உதவிக்கோடுகள் கடினமான 2 எச் பென்சிலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். எல்லாக் கோட்டையும் ஒரே கனத்தில் போட்டால் எது சுவர், எது தரையில் வரைந்த கட்டம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஜூரியில் உங்கள் ஷீட்டைத் தாண்டிப் போனவர் அதனால்கூடப் போயிருக்கலாம்.

டிசைன் வகுப்பில் காகிதத்தை வெட்டி மடிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அது விளையாட்டுப் போலத்தான் தோன்றியது. 1919இல் வைமரில் தொடங்கிய பவுஹவுஸ் பள்ளியின் முதனிலை வகுப்பிலிருந்து வந்த வழக்கம் அது. அங்கே ஜோசஃப் ஆல்பர்ஸ் மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து, வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொல்வாராம். தொய்ந்து விழும் தாள் ஒரு மடிப்பு விழுந்ததும் விறைத்து நிற்பதைக் கையில் உணரத்தான் அந்தப் பயிற்சி. அந்த மடிப்புக்குள் பிற்பாடு நீங்கள் போடப்போகும் கூரை இருக்கிறது. மேலே வண்ணம் ஒட்டாதீர்கள். மாடல் வெட்டும்போது இரும்பு ஸ்கேல், புது பிளேடு, ஒரே அழுத்தாக இல்லாமல் நாலைந்து லேசான இழுப்பு. தூக்கக் கலக்கத்தில் கட்டரைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

"கணினி இருக்கும்போது கையால் எதற்கு" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். நானும் வேலை நாள் முழுக்க ஆட்டோகேடில்தான் இருக்கிறேன். திரையில் எதையும் எவ்வளவும் பெரிதாக்கலாம், அதனால் அளவு மறந்துபோகிறது. 1:100 தாளில் 100 மில்லிமீட்டர் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அதைக் கையால் போட்டவருக்கு, எதை அந்தத் தாளில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று தெரிந்துவிடும். முதல் வருடம் மட்டும் கையால் செய்யுங்கள் என்கிறேன், வாழ்நாள் முழுக்க அல்ல.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படிப்பு முடித்ததும் தெரிந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். "சும்மா நாலு கோடுதானே, ஒரு பிளான் போட்டுக் குடு" என்பார்கள். வைத்தியரிடமோ வக்கீலிடமோ இப்படிக் கேட்கக் கொஞ்சமாவது கூச்சப்படுவார்கள். எங்களிடம் கேட்க யாருக்கும் கூச்சம் இல்லை. போட்டுக் கொடுத்த பிறகு மேஸ்திரியிடம் காட்டி, படியை இரண்டு குறைத்து இடத்தை மிச்சப்படுத்துவார்கள். அப்புறம் வீட்டில் ஒருவர் தடுக்கி விழுந்தால் பிளான் சரியில்லை என்பார்கள். அந்த நாலு கோட்டில் ஒரு கோடு பதின்மூன்றாவது ரைசராக இருக்கலாம். இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது. பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, உண்மையிலேயே வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல ஆசிரியர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, எனக்கு வாய்த்தார். உங்களுக்கு வாய்க்காவிட்டாலும் ஒரு டேப் போதும். நீங்கள் தூங்கும் அறையிலிருந்து தொடங்குங்கள். கதவு, ஜன்னல் அடிமட்டம், கட்டில் உயரம், சுவரின் கனம். அளப்பதற்கு முன் உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிவையுங்கள், பக்கத்தில் உண்மையான எண்ணை எழுதுங்கள். முதல் வாரம் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். 1:20இல் ஒரு பிளான், ஒரு செக்ஷன். செக்ஷனில் கட்டாயம் ஓர் ஆளை நிறுத்துங்கள், 1,700 உயரமென்றால் தாளில் 85 மில்லிமீட்டர் வரும். அவர் தலை எங்கே இடிக்கிறது, கை எதை எட்டுகிறது, ஜன்னல் வழியே அவருக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். முடித்ததும் அந்த ஷீட்டை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பயமில்லாத ஓர் ஆசிரியரிடம் போங்கள். கோடு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம், ஜன்னலை எங்கே வைத்திருக்கலாம் என்று கேளுங்கள்.