பிறந்த நேரம் அரை மணி முன்பின் இருந்தால் ஜாதகம் மாறிவிடுமா?

காலை பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள் பிறந்திருக்கிறீர்கள், அம்மாவுக்குச் சரியாக நினைவில்லை, இரண்டு ஜோதிடர்கள் இரண்டு லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி) சொல்லிவிட்டார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்துக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு எதற்கு ஒருவர் இருபத்தைந்து வயதுக்கு மேல் இவ்வளவு பதற்றமாகப் பிறந்த நேரத்தைத் தேடப்போகிறார்?

முதலில் சுருக்கமான பதில். அரை மணி நேரத்தில் உங்கள் நட்சத்திரம் அநேகமாக மாறாது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஒரு பாதத்துக்கே சுமார் ஆறு மணி நேரம். அதனால் தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பார்க்கும் பத்துப் பொருத்தம் எல்லாம் அப்படியே நிற்கும், ஏனென்றால் அவை நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்ப்பவை. மாறக்கூடியது லக்னம். நம் ஊர்ப்பக்கக் கணக்கில் மேஷமும் மீனமும் நாலேகால் நாழிகையில் கடந்துவிடும், கடகமும் தனுசும் ஐந்தரை நாழிகை எடுத்துக்கொள்ளும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக 102 நிமிடத்திலிருந்து 132 நிமிடம் வரை ஒரு லக்னம். நீங்கள் சொல்லும் அரை மணி ஒரு லக்னத்தின் நடுவில் விழுந்தால் கவலையே இல்லை. இரண்டு லக்னத்துக்கு நடுவில், சந்தியில் விழுந்தால்தான் வம்பு. லக்னம் மாறினால் அதிலிருந்து எண்ணும் பன்னிரண்டு வீடும் ஒரு கட்டம் நகரும், ஏழில் இருந்த கிரகம் ஆறுக்குப் போய்விடும்.

என் கதை அந்தச் சந்தியில்தான் நடந்தது.

நான் சித்திரை மாதத்தில், மதுரைப் பக்கம் ஓர் ஊரில், சாயங்காலம் பிறந்தவள், பூச நட்சத்திரம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தாத்தா கைப்பட எழுதிவைத்த நோட்டில் உதயாதி நாழிகை, அதாவது சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை, 29¼ என்று இருக்கிறது. அதை இரண்டரையால் வகுத்து அன்றைய சூரிய உதயத்தோடு கூட்டினால் சாயங்காலம் 5.50 வரும். மருத்துவமனைச் சீட்டிலோ 6.20 என்று மையால் எழுதியிருக்கிறது. தாத்தாவுக்கு யார் நேரம் சொன்னார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் வருகிறது. சீட்டில் எழுதிய நர்ஸம்மா எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளை வெளியே வந்ததும் எழுதினாரா, எல்லாம் துடைத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டு எழுதினாரா, யாருக்குத் தெரியும். அம்மாவைக் கேட்டால், "லைட் போட்டிருந்தாங்க" என்பதோடு சரி. அந்த வலியில் மணி பார்க்கச் சொல்கிறவர்கள் ஒருமுறை பெற்றுப் பார்க்க வேண்டும்.

5.50க்கு கன்னி லக்னம். ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் துலாம் ஆரம்பித்துவிடுகிறது. செவ்வாய் மீனத்தில். கன்னிக்கு அது ஏழாமிடம், செவ்வாய் தோஷம். துலாத்துக்கு அது ஆறாமிடம், தோஷம் இல்லை. தெரியாதவர்களுக்கு: லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பார்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும்கூட எண்ணுகிறவர்கள் உண்டு, அதற்கு ஒரு கூட்டம் விலக்குகளும் உண்டு. மீனம் குருவின் வீடு, நட்பு வீடு, அதனால் தோஷமே கிடையாது என்று ஒருவர் சொன்னார். பணம் வாங்கிக்கொண்டு சொன்னதால் அம்மா அதை நம்பினார், பிள்ளை வீட்டார் நம்பவில்லை.

எங்கள் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. "ரெண்டு நேரமும் எழுதித்தானே இருக்கு, ரெண்டையும் வச்சுக்குவோம்க்கா" என்றார் அம்மாவிடம். அதன்படி இரண்டு ஜாதகம் தயாரானது. மாப்பிள்ளைக்குத் தோஷம் என்றால் கன்னி லக்ன ஜாதகம் போகும், இல்லை என்றால் துலா லக்ன ஜாதகம் போகும். என்னைக் கேட்டுச் செய்யவில்லை, நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். ஒரு வருஷம் போல இது ஓடியது. அப்புறம் ஒரே தரகர் மூலமாகப் போன இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று ஆகிவிட்டது, ஒரு காதுகுத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் பேச்சுவாக்கில் என் ஜாதகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மறுநாள் காலை பையனின் அத்தை போன் போட்டு அம்மாவிடம் கேட்ட கேள்வி இது: "ஏங்க, உங்க பொண்ணு எத்தனை தடவை பொறந்துச்சு?"

இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நாங்கள் தோஷத்தை மறைக்கிற குடும்பம் என்று ஊருக்குள் பேச்சானது, நேரத்தை மறைத்தது மாமா, பெயர் கெட்டது எனக்கு.

அதன் பிறகுதான் நேரத்தைச் 'சரிசெய்து' தரும் ஜோதிடர்களிடம் போனோம். வாழ்க்கையில் நடந்ததைக் கேட்டு, எந்த லக்னத்துக்கு ஒத்துவருகிறது என்று பின்னோக்கிப் பார்ப்பது அவர்கள் முறை. எப்போது வயசுக்கு வந்தேன், தம்பி எப்போது பிறந்தான், அப்பாவுக்கு எப்போது அடிபட்டது, வேலை எப்போது கிடைத்தது. முறையாகச் செய்தால் இதில் அர்த்தம் இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்தது என்னவென்றால், எனக்கு புதன் தசையில் (வாழ்நாளைக் கிரகங்களுக்குப் பங்கிட்டதில் புதனுக்குரிய காலம்) வேலை கிடைத்ததை ஒருவர் கன்னிக்குச் சாட்சியாக எடுத்தார்: புதன் லக்னாதிபதி, பத்தாமிடத்து அதிபதியும் அவரே, தொழில் கொடுக்காமல் என்ன செய்வார் என்றார். இன்னொருவர் அதே வேலையைத் துலாத்துக்குச் சாட்சியாக எடுத்தார்: புதன் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் அதிபதி, அதனால்தான் பாக்கியம் சொந்த ஊரைவிட்டுத் தள்ளி பெங்களூரில் கிடைத்தது என்றார். இரண்டு பேருமே சுத்தமான நம்பிக்கையோடு சொன்னார்கள், இரண்டு பேருமே இலக்கணப்படிதான் சொன்னார்கள். அதுதான் பிரச்சினை. நடந்து முடிந்த எதையும் எந்த லக்னத்துக்குள்ளும் உட்காரவைக்க முடிகிறது.

"அதெல்லாம் அரைகுறை ஜோதிடர்கள், நவாம்சம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்று ஒருவர் கீழே எழுதப்போகிறார், தெரியும். நவாம்சம் என்பது ராசியை ஒன்பதாகப் பிரிப்பது, லக்னத்தின் நவாம்சம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. ராசியை அறுபதாகப் பிரிக்கும் சஷ்டியாம்சம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. கே.பி. (கிருஷ்ணமூர்த்தி பத்ததி) முறையில் நட்சத்திரத்தை மேலும் பிரித்த உபநட்சத்திரப் பகுதிகளில் சில மூன்று நிமிடம்கூடத் தாங்காது. வார்டில் மாட்டியிருந்த கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தியோ பிந்தியோ ஓடவில்லை என்பதற்கு யார் சாட்சி? பிறப்பு என்பது தலை தெரிந்த நேரமா, முழுதாக வெளியே வந்த நேரமா, முதல் அழுகையா, தொப்புள்கொடி அறுத்த நேரமா என்பதிலேயே ஜோதிடர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 'சுமார் ஆறு மணி' என்று எழுதிய குழந்தைக்கு சஷ்டியாம்சம் பார்த்துப் போன ஜென்மக் கர்மா சொல்கிறவரிடம் நான் எழுந்து வந்துவிடுவேன்.

ஜோதிடமே பொய் என்று சொல்ல வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் 2008இல் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனை எனக்கும் தெரியும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து 27 ஜோதிடர்களுக்குத் தலா 40 கொடுத்தார்கள், சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம், அதாவது காசு சுண்டிப் பார்ப்பதற்கும் கீழே. சரி. அதைச் சொல்லி எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்தை முடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஜாதகம் கேட்கிற உலகத்தில்தான் பெண்ணும் பையனும் இருக்கிறார்கள்.

நேரம் துல்லியமாக இருந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். பஞ்சாங்கத்திலேயே இரண்டு வகை, பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியத்தில் போட்டால் ஒன்று, இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதத்தில் போட்டால் ஒன்று. சனிப்பெயர்ச்சியையே பாருங்கள், திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் கும்பத்துக்குப் போன சனிக்கு, வாக்கியப்படி திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பர் 20இல். உங்கள் இரண்டு ஜோதிடர்களும் ஒரே பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டீர்களா? இரண்டு லக்னம் வந்ததற்கு உங்கள் அம்மா காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று, நடுராத்திரிக்கு மேல் பிறந்தவர்கள் கவனியுங்கள். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். 'செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணி' என்று பாட்டி சொன்னால் அது காலண்டரில் புதன்கிழமை. அதைச் செவ்வாய் என்றே கம்ப்யூட்டரில் போட்டால் சந்திரன் ஒரு முழு நாள் பின்னால் போய் நட்சத்திரமே மாறிவிடும், அரை மணி எல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. என்னோடு வேலை பார்த்த இலங்கைத் தோழிக்கு வேறு மாதிரிச் சிக்கல். 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி நம் நேரத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அவள் 1998இல் வன்னியில் பிறந்தவள். மென்பொருள் கொழும்பு நேரம் என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரத்தைத் தானாகவே கழித்துவிடும். அவளுடைய அம்மாதான் அதைக் கண்டுபிடித்தார்.

நேரத்துக்குப் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள் என்று இங்கே ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அதில் தேதி இருக்கும், இடம் இருக்கும், நேரம் இருக்காது. பெயராவது ஒழுங்காக இருக்குமா? என் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து குறைச்சல், அதைத் திருத்த அலைந்தது போதாது என்று பாஸ்போர்ட் எடுக்கப் போனால் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். இனிஷியலைத் தவிர நமக்கு என்ன இருக்கிறது? அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள், இன்றைக்கும் விமான டிக்கெட்டில் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்க்கவில்லையா என்று வங்கியில் தனியாக ஒரு விசாரணை. வடக்கே உள்ளவர்களுக்குத் தைத்த சட்டையை நமக்கு மாட்டிவிட்டு, கை நீளம் என்று நம்மையே திட்டுகிறார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் எங்கேயாவது சொல்லவேண்டும் இல்லையா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காதுகுத்துக் கூத்துக்குப் பிறகு என் விவரச் சீட்டை நானே எழுதினேன். பிறந்த நேரம்: மாலை 5.50 முதல் 6.20க்குள். லக்னம்: கன்னி அல்லது துலாம். மாமா கோபித்துக்கொண்டு ஆறு மாதம் பேசவில்லை. "இப்படி எழுதினா நாய்கூட வராது" என்றார். வந்த வரன்கள் குறைந்தது உண்மைதான். வந்தவர்களில் ஒரு வீட்டில், பையனின் அம்மாவுக்குத் தன் பிறந்த தேதியே தெரியாது, மாசி மாதம் என்பது மட்டும்தான் தெரியும். அவர் சீட்டைப் படித்துவிட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதியிருக்கே, இது போதும்" என்று சொல்லி நட்சத்திரப் பொருத்தம் மட்டும் பார்த்தார், குலதெய்வம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார், வெள்ளைப் பூ வந்தது, முடிந்தது. எல்லாருக்கும் இப்படி மாமியார் அமையாது என்பது எனக்குத் தெரியும், என்னைப் பார்த்து நீங்களும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஏதாவது ஒரு ஜாதக மென்பொருளில் 10.30இலிருந்து 11 வரை ஐந்து ஐந்து நிமிடமாக நகர்த்திப் பாருங்கள், லக்னம் எங்கே மாறுகிறது, மாறினால் செவ்வாய் எந்த இடத்துக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். தசா இருப்பும், அதாவது பிறக்கும்போது நடந்த தசையில் மீதி இருந்த காலமும், கொஞ்சம் நகரும். என்னைப் போல் சனி தசையில் பிறந்தவர்களுக்கு, 19 வருஷத் தசை என்பதால், அரை மணிக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் மாறும். சூரிய தசை என்றால் ஆறே வருஷம், அரை மணிக்கு ஒன்றரை மாதம்தான். அதனால் 'அடுத்த ஆவணியில் கல்யாணம்' என்று மாதம் குறித்துச் சொல்பவரிடம் எந்த நேரத்தை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

தேதியும் ஊரும் கீழே போட்டுப் பலன் கேட்க வேண்டாம், எனக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. அதற்கு முன்னால் பரணில் இருக்கும் பழைய சூட்கேஸைத் திறந்து உங்கள் மருத்துவமனைச் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அம்மாக்கள் அதைத் தூக்கிப்போடுவது அபூர்வம்.