ஆற்றுச் சிப்பிக்கு மீன் எதற்கு?

கேள்வி: சின்ன வயதில் எங்கள் வீட்டுக் குளிக்கடவில் மணலைத் துழாவினால் கைக்கு நாலு சிப்பி வரும். தேய்த்து ஓட்டை போட்டு அதில்தான் மாங்காய் சீவுவோம். போன மாதம் பேரப்பிள்ளைகளோடு போய்த் தேடினேன். மூன்றுதான் கிடைத்தது, மூன்றும் உள்ளங்கை அகலம். குஞ்சு ஒன்றுகூட இல்லை. மீன் போனதால்தான் சிப்பியும் போச்சு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மணலுக்குள் கிடக்கிற சிப்பிக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, திருவட்டார்)

பதில்: உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது அம்மா. கடியப்பட்டணம் பாறைகளில் ஒட்டியிருக்கும் கடல் சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையையும் விந்தையும் கடலில் விட்டுவிடும். குஞ்சுகள் அலையில் மிதந்து திரிந்து, பிறகு ஏதாவது ஒரு பாறையைப் பிடித்துக்கொள்ளும். ஆற்றுச் சிப்பியால் அப்படிச் செய்ய முடியுமா? மூவாற்றுமுகத்தில் விட்ட குஞ்சை நீரோட்டம் இழுத்துக்கொண்டு தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் உப்புத் தண்ணீரில் சேர்த்துவிடும். அதோடு அதன் கதை முடிந்தது.

அதனால் ஆற்றுச் சிப்பியின் வழி வேறு. ஆண் சிப்பி விந்தைத் தண்ணீரில் விடும். பெண் சிப்பி மூச்சுக்காக இழுக்கிற தண்ணீரோடு அதுவும் உள்ளே போகும். கருவுற்ற முட்டைகளைத் தாய் தன் செவுளுக்குள்ளேயே வைத்து வளர்க்கும். பிறகு வெளியே விடுகிற குஞ்சு, அரை மில்லிமீட்டர்கூட வராத ஓர் இரட்டை ஓடு. அது போகிற மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொள்ள வேண்டும். கவ்விய இடத்தை மீனின் தோல் மூடி வளர்ந்துவிடும். உள்ளேயே சில நாளோ சில வாரமோ இருந்து, உருமாறி, சின்னச் சிப்பியாக மணலில் உதிரும். மீன் கிடைக்காத குஞ்சு செத்துப்போகும். எல்லா மீனும் எல்லாச் சிப்பிக்கும் ஆகாது என்பது இன்னொரு சிக்கல். ஐரோப்பாவின் முத்துச் சிப்பிக்குச் சால்மனும் டிரவுட்டும் மட்டும்தான் ஆகும். நகரத் தெரிந்தும் வெகுதூரம் போக முடியாத இந்தப் பிராணி மேலாற்றுக்குப் போவதே மீனில் ஏறித்தான்.

விலங்கியல் ஆசிரியராக இருந்தபோது கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சிப்பியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். உள்ளே செவுள் பஞ்சு அடைத்த தலையணை போல உப்பியிருந்தது. ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நூற்றுக்கணக்கான குட்டி ஓடுகள் வாய் பிளந்து கிடக்கின்றன. அதில் ஒரு துளி உப்புத் தண்ணீர் விட்டேன். டக் டக்கென்று எல்லாம் மூடிக்கொண்டன. உயிரோடிருக்கிற குஞ்சு உப்புப் பட்டால் மூடும். அன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளைகூட மணி அடித்த பிறகும் எழுந்து போகவில்லை.

சரி, உங்கள் கடவில் குஞ்சு இல்லாததற்கு மீன் மட்டும்தான் காரணமா? அணையைச் சொல்வார்கள். பேச்சிப்பாறை அணை 1906-லேயே வந்துவிட்டது. நீங்களும் நானும் சிப்பி பொறுக்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. அணை மீனைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மணல் வாரியதன் மேல்தான் அதிகக் கோபம். உதிர்ந்த குஞ்சு முதல் சில வருஷம் மணலுக்குள் புதைந்தே வளரும். மணலுக்கு இடையில் தண்ணீர் ஓடினால்தான் அதற்கு மூச்சு. மணலை அள்ளிய இடத்தில் சேறு படிந்தால் குஞ்சு மூச்சடைத்துச் சாகும். பெரியது தாக்குப்பிடிக்கும். கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போட்ட தண்ணீரில் அழுகிய முட்டை வாடை வருமே, அங்கே பிராணவாயு அற்றுப்போய் பெரியதுக்கும் கஷ்டம்தான். உங்களுக்குக் கிடைத்த மூன்றும் பழைய நல்ல காலத்தில் பிறந்தவை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஆற்றுச் சிப்பியில் முத்து இருக்குமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அபூர்வமாக இருக்கும். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நம் நாட்டு ஆற்றுச் சிப்பிகளுக்குள் சிறு மணியைக் கருவாக வைத்து முத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஆனால் முத்து தேடி ஆற்றுச் சிப்பியை உடைக்காதீர்கள். நூறு உடைத்தாலும் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: கடல் சிப்பி மாதிரி இதையும் அவித்துத் தின்னலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: வங்காளத்திலும் வடகிழக்கிலும் தின்கிறார்கள். ஆனால் சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் பிழைக்கிறது. சாக்கடைக் கிருமியும் ஈயம், காட்மியம் போன்றவையும் அதன் உடம்பில் சேரும். ஊர்க் கழிவு கலக்கிற நம் ஆறுகளில் எடுத்தது வேண்டாம்.

கேள்வி: ஐயா, ஆற்றில் எடுத்த இரண்டு சிப்பியை வாளியில் வைத்திருக்கிறேன். கலங்கின தண்ணீர் தெளிந்துவிட்டது. கிணற்றில் போட்டால் கிணறு சுத்தமாகுமா? (மாணவர், குலசேகரம்)

பதில்: நல்லாப் பார்த்திருக்கிறாய், மக்கா. சிப்பிக்குத் தலை இல்லை. ஓட்டின் ஒரு முனையில் இரண்டு திறப்பு உண்டு. ஒன்றில் தண்ணீரை இழுக்கும், மற்றதில் விடும். செவுளில் பாசியும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். உணவை விழுங்கிவிட்டு, வேண்டாததைச் சளியில் உருட்டித் துப்பும். வாளியின் அடியில் பழுப்பாக இழையிழையாகக் கிடக்கிறதா, பார். அது அதன் கழிவு. ஆற்றில் அதைத் தின்னப் பூச்சிகள் இருக்கின்றன.

கிணற்றில் போடாதே. அங்கே தீனி பற்றாமல் மெலிந்து சாகும், செத்தால் தண்ணீர் நாறும். இன்று சாயங்காலமே எடுத்த கடவிலேயே கொண்டுபோய் விடு. தூக்கி எறியாமல், முழங்கால் ஆழத்தில் மணல் உள்ள இடமாகப் பார். இரண்டு ஓடும் சேருகிற விளிம்பில் ஒரு மேடு இருக்கும். அது எந்த முனைக்குக் கிட்ட இருக்கிறதோ, அந்த முனையை மணலில் பாதிவரை செருகு. வெள்ளை நாக்கு மாதிரி ஒன்று வெளியே நீளும். அதுதான் கால். மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும், நீ பக்கத்தில் அசையாமல் நின்றால் பார்க்கலாம்.