மும்பையில் தனியாக இருக்கும் வயதான பெற்றோரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

முதல் வேலை, எது நடந்தாலும் உங்களிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை அவர்களுக்குக் கொடுப்பதுதான். மோசடிக்காரர்கள் போலீஸ் போல வீடியோ காலில் வந்து, வீட்டிலேயே ‘கைது’ செய்திருப்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பதுதான் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. “உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் கறுப்புப்பண கேஸில் மாட்டியிருக்கிறது. வெளியே சொன்னால் மகனையும் தூக்குவோம்” என்று மிரட்டி, வீடியோ காலை அணைக்கவே விடமாட்டார்கள். பிள்ளைக்கு ஒரு போன் போனால் அவர்கள் ஆட்டம் முடிந்தது. ஆனால் “உனக்கு போனே பார்க்கத் தெரியாது” என்று தினமும் எரிந்து விழும் வீட்டில், எந்தப் பெரியவர் வாயைத் திறப்பார்? தயவுசெய்து அந்தப் பேச்சை இன்றே நிறுத்துங்கள்.

வீடியோவில் கைது செய்வது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைச் சொன்னார். நாடு முழுக்க ‘மும்பை போலீஸ்’ பெயரைச் சொல்லித்தான் பலரை மிரட்டுகிறார்கள். மும்பையிலேயே இருக்கும் நமக்கு அது ஒரு வசதி. எங்கள் மாடுங்கா பக்கத்துப் பெரியவர்களிடம், “ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது, நானே நேரில் வருகிறேன்” என்று இந்தியில் சொல்லிவிட்டு போனை வைத்துவிடச் சொல்லியிருக்கிறோம்.

அப்புறம் பணம். யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் வரைதான் போகும். வாழ்நாள் சேமிப்பு மொத்தமாகப் போவது எஃப்டியை (வைப்புநிதியை) உடைத்து, வங்கியில் பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் செய்யும்போதுதான். பையில் போன் ஓடிக்கொண்டிருக்க, “மகளுக்கு ஃபிளாட் வாங்குகிறோம்” என்று வங்கியில் சொல்லச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். அதனால் பெரிய எஃப்டிகளை இருவர் கையெழுத்து இல்லாமல் உடைக்க முடியாதபடி கூட்டாக வையுங்கள். நெட்பேங்கிங் வரம்பைக் குறையுங்கள். கிளை மேலாளரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து, பெரிய தொகை எடுக்க வந்தால் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்; இது மிகவும் உதவும்.

நவம்பரில் பென்ஷன்காரர்களுக்கு ‘லைஃப் சர்டிஃபிகேட்’ பெயரில் ஓடிபி கேட்டும் அழைப்பார்கள், கவனம்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு பாய்ந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் வழியில் எங்காவது முடக்க முடியும். யார் தப்பு என்ற விசாரணையை அன்று வைக்காதீர்கள், கூடவே இருங்கள். சில நாளில் “பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்” என்று வக்கீல் பெயரில் அழைப்பு வரலாம். அதுவும் மோசடிதான்.